கிடங்கு எண் மூன்று

இரும்புத்தாது சுமந்த வயிறு இது.
இன்றைக்கு இதற்குள் நூற்றுப் பன்னிரண்டு மடக்கு நாற்காலி,
ஒரு சோபா, ஒரு பொய்ச் சன்னல்,
சன்னலுக்குப் பின்னால் அட்டையில் வரைந்த டுலூத் நகரம்.
அசல் டுலூத்
கட்டைவிரல் கனத் தகட்டுக்கு அந்தப் பக்கம்
நவம்பரில் விறைத்துக் கிடக்கிறது.

நான் ஒலிப்பதிவுக்காரி.
சிரிப்பைப் பிடிக்கக் கூலி வாங்குகிறேன்.
ஜோக்குகளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது,
டெசிபல் மட்டும்.

முதல் நாளே சொன்னேன்:
இந்தக் கிடங்கு திருப்பிப் பேசும்.
இங்கே ஒருவர் இருமினால்
அந்தக் கோடிச் சுவரில் மோதி
அரை நொடி கழித்து
இன்னொருவர் இருமுவார்.
வெண்டல் ப்ரோஷ் கேட்கவில்லை.
அவனுக்குக் கப்பல் பிடித்திருந்தது.
கப்பலின் வாடகை அதைவிடப் பிடித்திருந்தது.

ஒத்திகையில் முதல் ஜோக்.
யாரும் சிரிக்கவில்லை.
அரை நொடி கழித்து
யாரும் சிரிக்காதது திரும்பி வந்தது.

இரவு ஏழரைக்குக் கூட்டம்,
கோட்டு கழற்றாத கூட்டம்.
காப்பித் தட்டோடு ஓரத்தில் டோர்லா ஹுகாலா,
வார நாட்களில் பல் ஆஸ்பத்திரியில் ரசீது போடுகிறவள்,
சனி ஞாயிறுகளில் இந்தக் கப்பலின் வழிகாட்டி,
சம்பளம் இல்லை, சீருடைத் தொப்பி உண்டு.

வெண்டல் ஆரம்பித்தான்:
“இந்தக் கப்பலும் நானும் ஒண்ணுங்க.
எஞ்சின் இருக்கு, ஓடாது.
இருந்தாலும் உள்ள வந்து பார்க்கப்
பதினாலு டாலர்!”
கொஞ்சம் சிரிப்பு. அதன் எதிரொலி. பரவாயில்லை.
“ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, என்னன்னா…”

அப்போதுதான் வெளியே ஊதியது,
ஒரு நீளம், இரண்டு குட்டை.
கால்வாய் தாண்டி ஏரிக்குள் இறங்கும்
ஆயிரம் அடிச் சரக்குக் கப்பலின் வணக்கம்.

ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கம்:
கடந்துபோகும் கப்பல் வணக்கம் சொன்னால்
இந்தக் கப்பல் பதில் சொல்லும்.
ஒன்பதாம் பக்கம் வரைக்கும் யார் படித்தார்கள்?

தட்டு தரையில். தொப்பி தரையில்.
டோர்லா படியேறுகிறாள், நாற்பத்தொரு இரும்புப் படி,
ஒவ்வொன்றும் என் காதில்.
“என் வக்கீல் வந்துட்டார் போல,” என்றான் வெண்டல்.
நல்ல சமாளிப்பு. அறுபத்தெட்டு டெசிபல்.

பிறகு எங்கள் தலைக்கு மேலே
கப்பல் வாயைத் திறந்தது.

மீட்டர் முள் சிவப்பில் போய்ச் சாய்ந்துகொண்டது.
தகடு, நாற்காலி, பல், எல்லாம் ஒரே சுருதி.
மூட்டுகளில் நாற்பது வருஷம் ஒளிந்திருந்த
தாதுத் தூள்
மெதுவாக, சிவப்பாக, எல்லார் மேலும் இறங்கியது.
சோபாமேல். அட்டை நகரத்தின்மேல்.
வெண்டலின் பால்நிறக் கோட்டுமேல்.
அவன் வாய் திறந்தபடி நின்றான்,
மூக்கு நுனியில் மின்னசோட்டா.

வந்தது பாருங்கள் சிரிப்பு!
போனது, மோதியது, திரும்பி வந்து
அடுத்த சிரிப்பின் முதுகில் ஏறியது.
மேலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்த டோர்லா
தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து
“பதில் சொல்லலேன்னா மரியாதை இல்லைங்க,” என்றாள்.
அதற்கும் சிரித்தார்கள்.
அவள் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒலி உடைந்துவிட்டதாம், தயாரிப்பாளர் வெட்டச் சொன்னார்.
ஒளிபரப்பில் அந்த இடத்தில்
கலிபோர்னியாவில் என்றோ பதிவான
டப்பாச் சிரிப்பு ஒன்று ஓடியது, துடைத்துவைத்த மாதிரி.
வித்தியாசம் என்னவென்று வெண்டல் சொல்லவேயில்லை.
நானும் கேட்கவில்லை.

என்னிடம் நான்காம் தடம் இருக்கிறது.
கப்பலின் விலாவில் ஒரு மைக்கை ஒட்டியிருந்தேன்,
சும்மா, ஒரு ஆர்வத்தில்.
அதில் அந்தப் பெரிய கப்பலின் சுழலி
தண்ணீர் வழியாக
பதினோரு நிமிஷம் போய்க்கொண்டிருக்கிறது.
மேடையில் அதற்குள் இரண்டு விருந்தாளிகள் வந்து போனார்கள்.
ஹெட்போனில் நான் அவர்களைத் திறக்கவே இல்லை.